சீன முதலாளியின் பேச்சை மூவர் முன்னிலையில் திருத்திவிட்டேன்: ‘முகம்’ பற்றி ஒரு கேள்வி

கேள்வி: உரக்கடைக் கணக்கர், சித்தியவான்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சித்தியவானில் சீனர் ஒருவர் நடத்தும் உரக்கடையில் 6 ஆண்டுகளாகக் கணக்கும் சரக்கு இருப்பும் பார்த்து வருகிறேன். ஆயர் தாவார்ப் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) சிறுதோட்டக்காரர்கள்தாம் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். தவுக்கே (சீன முதலாளியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) நல்ல மனிதர். சம்பளம் ஒரு நாளும் பிந்தியதில்லை. தீபாவளிக்கு என் பெற்றோரைப் பார்க்க அவரே வீட்டுக்கு வருவார். காலை 10 மணிக்குக் கடையின் பின்கட்டு மேசையில் தேநீர் ஊற்றும்போது எனக்கும் ஒரு கோப்பை வைப்பார்.

சென்ற மாதம் அந்த மேசையில் பழைய வாடிக்கையாளர் ஒருவரும், உர நிறுவனத்தின் விற்பனையாளரும், தவுக்கேயின் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர் 20 மூட்டை கேட்டார். தவுக்கே, “என் கடைக்கு வந்து எவரும் சரக்குக்காகக் காத்திருந்ததில்லை, நாளைக் காலை லாரி உங்கள் வாசலில் நிற்கும்” என்று வாக்குக் கொடுத்தார். கிடங்கில் இருந்ததோ 12 மூட்டை. நான் இருந்த இடத்திலிருந்தே, “பாஸ், 12தான் இருக்கிறது, திங்கட்கிழமை நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள்” என்று சொல்லிப் பேரேட்டையும் தூக்கிக் காட்டினேன். அவர் உரக்கச் சிரித்து, “பார்த்தீர்களா, என் கணக்கர் என்னைவிடக் கெட்டிக்காரர்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து எனக்குத் தேநீர்க் கோப்பை இல்லை. சொல்ல வேண்டியதை மகள் வழியாகச் சொல்லி அனுப்புகிறார். கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லாததுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, தவறு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று துணிந்து, கடை ஆட்கள் அனைவரும் இருந்த வேளையில் அவர்முன் போய் நின்று, “அன்று வந்தவர்கள் முன்னிலையில் உங்கள் பேச்சைத் திருத்தியது தவறு, மன்னித்துவிடுங்கள்” என்றேன். “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அதன்பின் மகள் வழியாக வந்த பேச்சும் குறைந்துவிட்டது.

அப்பாவிடம் கேட்டதற்கு, “சீனர்களுக்கு முகம் பெரிது” என்றார். தோட்டத்தில் 30 ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அதற்குமேல் விளக்கம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. இந்த ‘முகம்’ என்பது என்ன? வீம்பா, மானமா, வியாபாரத் தந்திரமா? இருப்பைச் சரியாகச் சொன்னதற்காக ஒருவர் ஏன் ஒதுக்கப்பட வேண்டும்? இனி நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1: சீனப்பள்ளிக்காரி

சகோதரரே, நான் நம் வட்டாரத்துச் சீன ஆரம்பப் பள்ளியில் 6 ஆண்டுகள் படித்தவள். வகுப்பில் இருந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தி. நீங்கள் கேட்பதை நான் நான்காம் வகுப்பில் கற்றேன், பாடப்புத்தகத்திலிருந்து அல்ல. ஆசிரியை கரும்பலகையில் எழுதிய ஓர் எழுத்தில் ஒரு கோட்டை விட்டுவிட்டார். நான் கையைத் தூக்கப் போனேன். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள். வகுப்புத் தலைவி எழுந்து, துடைப்பானைத் தட்டிச் சுத்தம் செய்யப் போகிறவள்போல் முன்னே நடந்து, ஆசிரியையின் பக்கத்தில் ஏதோ முணுமுணுத்தாள். ஆசிரியை அந்த எழுத்தை அழித்துவிட்டு, “பின்வரிசைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, பெரிதாக எழுதுகிறேன்” என்று சொல்லிச் சரியாக எழுதினார். பிழை திருந்தியது, பிழை நேர்ந்ததாக ஒருவரும் பேச வேண்டியிருக்கவில்லை.

மாண்டரின் சீனத்தில் முகத்தைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு, ‘லியன்’ என்றும் ‘மியன்சு’ என்றும். பேச்சில் சில இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தாலும், இரண்டும் ஒன்றல்ல என்பதை ஹூ சியென்-சின் என்ற சீன மானிடவியலாளர் 1944-இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக்கினார். இன்றுவரை இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பெண்மணியிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘லியன்’ என்பது, இவர் ஒழுக்கமுள்ளவர், தகாததைச் செய்யமாட்டார் என்று சுற்றியிருப்பவர்கள் ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கை. அதை இழந்தவர் அந்தக் கூட்டத்தில் தலைநிமிர்ந்து வாழ்வது கடினம். ஆகவேதான் “லியன் வேண்டாதவன்” என்பது அவர்களிடையே மிகக் கடுமையான வசை. நம்முடைய ‘மானங்கெட்டவன்’ அதற்குப் பக்கத்தில் நிற்கும். ‘மியன்சு’ அப்படியல்ல. உழைப்பு, பதவி, பணம், தெரிந்த மனிதர்கள் என்று பலவற்றால் சேரும் மதிப்பு அது. கூடும், குறையும், ஒருவருக்குக் கொடுக்கலாம், இன்னொருவருடையதைக் கடனாக வாங்கிக் காரியம் முடிக்கலாம், அடுத்தவருக்காகக் கொஞ்சம் விட்டும் வைக்கலாம்.

உங்கள் தவுக்கே இழந்தது மியன்சு. அவர் பொய்யர் என்று அந்த மேசையில் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் தம் கடையில் என்ன இருக்கிறது என்பது தமக்கே தெரியாத முதலாளியாக, சரக்குக் கொடுப்பவர், சரக்கு வாங்குபவர், மனைவியின் தம்பி ஆகிய மூவர் முன்னிலையிலும் அவர் ஒரே நொடியில் ஆகிவிட்டார். இதைவிடத் தேர்ந்தெடுத்த மூவரைக் கூட்டி வைத்திருக்க முடியாது! அந்தச் சிரிப்பை நீங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டீர்கள். வழுக்கி விழுந்தவர், தாமே உட்கார்ந்ததாகக் காட்டிக்கொள்ளச் சிரிப்பதில்லையா, அது அந்தச் சிரிப்பு.

மன்னிப்புக் கேட்டதைப் பற்றியும் வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும். முதல் நிகழ்ச்சி மூவருக்குத்தான் தெரியும். நீங்கள் மன்னிப்புக் கேட்டதால் கடை ஆட்கள் அனைவருக்கும் தெரிந்துவிட்டது. அதோடு, மன்னித்தேன் என்று சொன்னால் காயப்பட்டதை ஒப்புக்கொண்டவராவார், மன்னிக்கவில்லை என்றால் சிறியவராவார். இரண்டுக்கும் நடுவில் “ஒன்றுமில்லை” என்பதைத் தவிர வேறு சொல் அவருக்கு வைக்கப்படவில்லை. ‘இறங்கப் படி கொடுப்பது’ என்று மாண்டரினில் ஒரு வழக்கு உண்டு. மேடையில் மாட்டிக்கொண்டவர் கௌரவமாக இறங்கிவர ஒரு படியை நகர்த்தி வைப்பது. அன்று, “பாஸ், ஆயர் தாவார்க்காரர் முன்பே சொல்லி வைத்த சரக்கையும் இதிலேயே கணக்கில் எடுக்கலாமா, உள்ளே வந்து பார்க்கிறீர்களா” என்று அழைத்திருந்தால், அவர் உள்ளே வந்து பேரேட்டைப் பார்த்துவிட்டு வெளியே போய், “12 நாளைக்கு, மீதி வியாழக்கிழமை” என்று தாமே சொல்லியிருப்பார். 12 என்ற எண் அப்படியே இருந்திருக்கும். சொல்லும் வாய் மட்டும் மாறியிருக்கும்.

மறுமொழி 2: பழைய கிராணி

தம்பி, மேலே அந்தப் பெண் விளக்கியதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைச் சீனர்களுக்கு மட்டுமே உரிய விநோதமாக ஒதுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முகம் கொடுத்துப் பேசுவது, முகத்தை முறித்துக்கொள்வது, முகத்தில் அடித்தாற்போல் சொல்வது, முகத்தில் கரி பூசுவது என்றெல்லாம் பேசுகிற நாம், ‘சீனர்களுக்கு முகம் பெரிது’ என்று வியப்பது சற்று வேடிக்கையாக இருக்கிறது. கடன் கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல முடியாமல் எத்தனை பேர் முகதாட்சணியத்தால் கெட்டிருக்கிறார்கள்! மோந்தால் குழையும் அனிச்சம், முகம் மாறிப் பார்த்தாலே குழையும் விருந்து என்று குறள் (90) சொல்வதும் இதைத்தான். மலாய்க்காரர்கள் ‘ஆயர் முகா’ என்பார்கள், முகத்தின் நீர் என்று பொருள். அது விழுந்துவிடாமல் காப்பது அவர்களுக்கும் பெரிய காரியம். மூன்று இனமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் இது. ஒருவர் முகத்தை மற்றவர் காத்ததால்தான் இத்தனை காலம் கடன் புத்தகங்கள் ஓடின.

இன்னொன்றும் சொல்கிறேன், பலருக்குத் தெரிந்திராது. பணிவுப் பேச்சைப் பற்றி உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிக்கும் ஆய்வு, பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் சேர்ந்து 1978-இல் வெளியிட்டது. அதன் மையக் கருத்தே ‘முகம்’தான். அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். ஆக, முகத்தைப் பற்றிய உலகக் கோட்பாட்டுக்குச் சான்று கொடுத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு.

நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். விடியுமுன் பெரட்டில் (ஆட்கணக்கு எடுக்கும் இடத்தில்) ஆட்களெல்லாம் வரிசையாக நிற்கும்போது, மரத்தில் காயம் போட்டதற்காக ஒரு வெட்டுக்காரரை அதிகாரி வாய்க்கு வந்தபடி பேசினார். காயம் போட்டது உண்மை, அபராதமும் ஞாயம். ஆனால் அன்றுதான் அந்த வெட்டுக்காரருடைய மகன் வேலைக்குப் பெயர் கொடுத்து அதே வரிசையில் நின்றிருந்தான். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் வாரம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். போனதற்குக் காரணம் என்று நான் புத்தகத்தில் ‘சொந்தக் காரணம்’ என எழுதினேன். அவரும் தமிழர், திட்டியவரும் தமிழர்.

‘மனிதனுக்கு முகம் வேண்டும், மரத்துக்குப் பட்டை வேண்டும்’ என்பது சீனப் பழமொழி. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், உடனே தலையாட்டுவார். உளியைப் பட்டையோடு நிறுத்தினால் பால் வரும், சில ஆண்டுகளில் புதுப்பட்டையும் வளரும். கட்டைவரை இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும்; பிறகு அங்கே ஒழுங்காக வெட்டுப் போட முடியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எதற்கெடுத்தாலும் ‘முகம்’ என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. சீனாவில் தங்கியிருந்த ஆர்தர் ஸ்மித் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1890-களில் சீனர்களின் குணங்களை வரிசைப்படுத்தி எழுதியபோது முகத்தையே முதலில் வைத்தார். ஒரு மக்களையே ஒரு சொல்லில் அடைக்கும் வழக்கம் அப்படி வலுத்தது. அவர்களுக்குள்ளேயே இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எழுத்தாளர் லூ சுன் 1934-இல் முகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கதை வருகிறது. மன்னராட்சிக் காலத்தில் வெளிநாட்டார் அரசு அலுவலகத்துக்கு வந்து மிரட்டிக் கேட்டதையெல்லாம் அதிகாரிகள் நடுங்கிக்கொண்டே கொடுத்தார்களாம். ஆனால் திரும்பும்போது அவர்களைப் பெரிய வாசல் வழியாக அனுப்பாமல் பக்கவாசலால் அனுப்பினார்களாம். வந்தவருக்கு முகம் போயிற்று, ஆகவே நமக்கு முகம் வந்தது என்று திருப்தி! உரிமை போனது பெரிதில்லை, வாசல்தான் பெரிது. அந்த அளவுக்குப் போனால் முகம் நோயாகிவிடும். உங்கள் தவுக்கே அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. ஆகவே, இருப்பு குறைவாக இருந்தால் இனியும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் மறுநாள் லாரி 12 மூட்டையோடு போய் நின்றிருக்கும். அப்போது போகும் முகம் இதைவிடப் பெரியது.

மறுமொழி 3: மொய் நோட்டு

கிராணி ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் முகத்தை வெறும் மனக்காயமாக மட்டும் பார்த்தால் பாதிதான் பிடிபடும். அதற்கு வரவு செலவு உண்டு. சீனர்கள் ‘ரென்ச்சிங்’ என்பார்கள். பரிவு, செய்ந்நன்றி, திருப்பிச் செய்ய வேண்டிய கடன் மூன்றும் கலந்த சொல். தைவான் உளவியலாளர் ஹுவாங் குவாங்-குவோ 1987-இல் எழுதிய ஆய்வு முகத்தையும் இந்த நன்றிக்கடனையும் ஒன்றாக வைத்துத்தான் பேசுகிறது. கையில் பொருளோ அதிகாரமோ உள்ளவரிடம் தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்கும்போது, மறுத்தால் கேட்டவரின் முகமும் உறவும் கெடும். கொடுத்தால் ஒரு கடன் ஏறும், அது இன்னொரு நாள் வேறு உருவில் திரும்பும். வீட்டாரிடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் இல்லை, முற்றிலும் அந்நியரிடமும் இல்லை. இடையில் இருக்கும் பழக்கமானவர்களிடம்தான் இது முழு வீச்சில் நடக்கிறது. வாடிக்கையாளர், விற்பனையாளர், கணக்கர் எல்லாரும் அந்த இடைவட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

நம் மொய் நோட்டை எண்ணிக்கொள்ளுங்கள், சட்டென்று விளங்கும். சீனர் கல்யாண விருந்தில் வாசலிலேயே மேசை போட்டு அங் பாவ் (சிவப்பு உறையில் இடும் அன்பளிப்புப் பணம்) வாங்கிப் பெயரும் தொகையும் குறித்துக்கொள்வார்கள். மேசைக்குப் பத்துப் பேர்; எந்த மேசையில் யாரை உட்கார வைப்பது என்பதற்கே வீட்டார் பல நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் மேடைக்கு எத்தனை மேசை தள்ளி ஒருவர் உட்காருகிறார் என்பதை ஊரே பார்க்கும். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைத் தொகை, 4 கூடாது. சாவு வீட்டுக்கு வெள்ளை உறை, ஒற்றைப்படை. தவுக்கே ஒருவரின் தாயார் இறந்தபோது என் அண்ணன் பழக்கதோஷத்தில் சிவப்பு உறையோடு போனார்; வாசலில் ஒரு கிழவர் அவரைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போய் வெள்ளை உறை ஒன்றைக் கையில் திணித்தார். யாருடைய முகமும் கெடவில்லை, அண்ணனுடையதும். அந்தக் கிழவரை அண்ணன் இன்றும் பார்த்தால் வணங்குகிறார்.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். ‘துறவியின் முகத்துக்காக இல்லாவிட்டாலும் புத்தரின் முகத்துக்காக’ என்று அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. உனக்காக இல்லாவிட்டாலும் உனக்குப் பின்னால் நிற்கும் பெரியவருக்காகச் செய்கிறேன் என்று பொருள். இப்படி நடுவர் வைப்பது பெரும்பாலும் நல்ல வழிதான். ஆனால் உங்கள் விஷயத்தில் மைத்துனரைத் தூது அனுப்பாதீர்கள். மனைவி வீட்டார் வந்து சமாதானம் பேசினால் தவுக்கேயின் முகம் இன்னும் இறங்கும். இழந்த இடத்திலேயே, இழந்தவர்கள் முன்னிலையிலேயே திருப்பிக் கொடுங்கள். அந்த விற்பனையாளர் மாதம் ஒருமுறை வருவார் அல்லவா? அவர் இருக்கும்போது, தவுக்கேக்கு உண்மையாகவே நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தவுக்கேயிடமே கேளுங்கள்; எந்த மண்ணுக்கு எந்த உரம், எவருடைய தோட்டத்தில் குலை ஏன் சிறுத்தது என்பதுபோல. முகஸ்துதி வேண்டாம், அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். பழைய நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் எப்போதும் வாய் திறக்காதீர்கள்.

மறுமொழி 4: ஆயர் தாவார் பையன்

நான் இப்போது பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். எங்கள் பிரிவுத் தலைவர் 29 வயதுச் சீனர். கூட்டத்தில் தவறு சொன்னால் நேரே திருத்தச் சொல்கிறார், கோபித்துக்கொள்வதே இல்லை. இதெல்லாம் ஊரில் உள்ள பழைய தலைமுறையோடு போய்விடும் என்றுதான் எழுத வந்தேன். எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. அவருடைய மேலாளரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவர் தவறான தேதியைப் போட்டபோது, எங்களில் ஒருவர்கூடக் குழுவில் எழுதவில்லை. நான்கு பேர் தனித்தனியாக அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். அவர் தம் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அந்த நால்வரில் இருவர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: உரக்கடைக் கணக்கர்

எல்லாருக்கும் நன்றி. சீனப்பள்ளிக்கார அக்கா எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, குறிப்பாக அந்த மன்னிப்பைப் பற்றி எழுதியது. கிராணி ஐயாவின் பட்டைப் பழமொழியை அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை, “காயம் போட்டவனுக்குத்தான் மண்ணைக் குழைத்து அப்பச் சொல்வார்கள்” என்றார்.

விற்பனையாளர் நேற்று வந்தார். மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று கேள்வியை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் போனபோது நாடகம்போல் தோன்றிற்று, கேட்கவில்லை. வேறொன்று செய்தேன். காலையில் கடை திறந்ததும், கிடங்கில் எந்தச் சரக்கு எத்தனை மூட்டை என்று ஒரு துண்டுத் தாளில் சீன எண்களில் எழுதி, அவர் உட்காரும் இடத்தில் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்தேன். எண்களை எழுத அவருடைய மகள்தான் கற்றுக்கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை.

பத்து மணிக்கு விற்பனையாளர் முன்னிலையில் ஒருவர் வந்து 15 மூட்டை கேட்டார். இருந்தது 9. தவுக்கே தாளைப் பார்க்கவில்லை, முன்பே பார்த்திருக்க வேண்டும். “9 இன்றைக்கே ஏற்றிக்கொள்ளுங்கள், மீதியைச் சனிக்கிழமை நானே அனுப்புகிறேன்” என்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, கோப்பையும் வைக்கவில்லை. கடை மூடும்போது, “நாளைக்கும் எழுதி வை” என்று என்னிடம் நேரடியாகச் சொன்னார்.